சேதுக்கரையில் பெண்கல்வி

தமிழகத்தின் தென்கிழக்குக் கரையில், ஒருபால் பாக்கு நீரிணையும் மற்றொருபால் மன்னார் வளைகுடாவும் சூழ விளங்குவது இராமநாதபுரம் சீமை. சேதுபதி மன்னர்கள் ஆண்டமையால் சேது நாடு என்றும் அது வழங்கப்பெறும். பனங்காடும் மணற்குன்றும் உப்பங்கழியும் நிறைந்த அந்நாட்டில் மழை குறைவு, நன்னீர் அரிது. ஆயினும் அங்கு வாழும் மக்கள் உழைப்பிற் குறைந்தவர் அல்லர். ஆடவர் வலையும் வள்ளமும் கொண்டு கடலை நாடுவர். மகளிர் மீன் விற்பர், கருவாடு உலர்த்துவர், பனையோலை முடைவர், கடலுள் மூழ்கிப் பாசியும் எடுப்பர். உழைப்பை இவ்வாறு ஆணும் பெண்ணும் பங்கிட்டுக்கொண்ட அந்நாட்டில் கல்வியும் அவ்வாறே பங்கிடப்பட்டதா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை. அவ்வாறு பங்கிடாது விட்டதனால் விளைந்த இழப்பு பெண்மக்களோடு நின்றதா, ஊர் முழுவதையும் சார்ந்ததா என்பது மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெண்ணுக்குக் கல்வி வேண்டா என்பது தமிழரின் தொன்மையான வழக்கு என்று கருதுவோர் உளர். அக்கருத்து மெய்யன்று. சங்கப் புலவருள் பெண்பாலார் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் ஆவர். ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதலியோர் அவருட் சிலர். ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரில் விளங்கும் ஒக்கூர், சேது நாட்டின் அண்டையிலுள்ள சிவகங்கைப் பகுதியைச் சேர்ந்தது என்று அறிஞர் கூறுவர்.

பிற்காலத்தும் கற்ற பெண்டிர் இந்நிலத்தில் தோன்றினர். 1730-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் அரச குடும்பத்திற் பிறந்த வேலு நாச்சியார், போர்ப்பயிற்சியோடு மொழிகள் பலவும் கற்றவர் என்பர். 1772-ஆம் ஆண்டில் அவர்தம் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். அந்நிலையிலும் நாச்சியார் அழுது ஓய்ந்துவிடவில்லை. ஹைதர் அலியின் துணையைப் பெற்றுப் படை திரட்டி, 1780-ஆம் ஆண்டில் சிவகங்கையை மீட்டு ஆட்சி புரிந்தார். ஆனால் அவருக்குக் கலையும் மொழியும் கிட்டியது அரண்மனையிற் பிறந்தமையால் ஆகும். அதே சீமையில், அதே காலத்தில், குடிசையிற் பிறந்த பெண்ணுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. திண்ணைப் பள்ளிகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே ஆயின. 1901-ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி, இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர்.

இந்நிலையில் ஒரு பெண்ணுக்குக் கதவு திறந்தால் யாது விளையும் என்பதற்கு அண்டை நாடாகிய புதுக்கோட்டையே சான்று. அங்கு 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர் முத்துலட்சுமி. பருவம் எய்திய பெண் பள்ளிக்குச் செல்லுதல் தகாது என்பது அக்காலத்து வழக்கு. ஆகவே அவர் வீட்டிலிருந்தே பயின்று தேர்வில் வென்றார். பின்னர் அவர் மன்னர் கல்லூரியிற் சேர விரும்பியபொழுது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடம் அளித்தார். அப்பெண் 1912-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்பு சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். தம் தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்டு வருந்திய அவரது முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அன்று அந்தக் கல்லூரிக் கதவு அடைபட்டிருப்பின், இழப்பு அவருக்கு மட்டுமோ? அம்மருத்துவமனையில் உயிர் பிழைத்தோர் அனைவருக்கும் அன்றோ அது இழப்பாகியிருக்கும்! அவ்வாறு அடைபட்ட கதவுகளுக்குப் பின்னே எத்தனை முத்துலட்சுமிகள் இருந்தனர் என்பதைக் கணக்கிடுவார் யார்?

இனி, சேதுக்கரையின் முனையிலுள்ள இராமேசுவரம் தீவை நோக்குவோர்க்கு மற்றோர் உண்மை புலப்படும். அத்தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தொடக்கக் கல்வியைத் தீவிலே முடித்த சிறுவருட் சிலர், மேற்கல்வி நாடி அப்பாலத்தைக் கடந்தனர். அவர்களுள் ஒருவர் 1931-ஆம் ஆண்டில் பிறந்த அப்துல் கலாம். இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியிலும், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற அவர், சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர விழைந்தார். அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. எளிய குடும்பத்திற்கு அது பெருந்தொகை. அப்பொழுது அவர்தம் தமக்கையார் சோகரா, தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பிக்கு உதவினார். தாம் உழைத்து ஈட்டும் பொருளைக் கொண்டே அவற்றை மீட்பது என்று அன்று தாம் உறுதி பூண்டதைக் கலாம், 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். அத்தம்பியே பின்னாளில் விண்கல அறிஞராகவும், 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார்.

தமக்கையின் அன்பு போற்றத்தக்கது. அதனை மறவாத தம்பியின் நன்றியுணர்வும் அத்தகையதே. ஆயினும் இந்நிகழ்ச்சி நாட்டின் பொதுவழக்கு ஒன்றையும் நினைவூட்டுகின்றது. ஒரு வீட்டில் பொன் இருக்குமாயின், அது மகளின் திருமணத்திற்கு ஆகும்; மகனின் கல்விக்கும் ஆகும். மகளின் கல்விக்கு ஆகும் என்று எண்ணியோர் அந்நாளில் எத்தனை பேர்? இஃது ஒரு குடும்பத்தின் குறையன்று. ஓர் ஊரின் குறையும் அன்று. நாடு முழுவதும் பரவியிருந்த எண்ணம். மகன் படிப்பதற்குப் பாலம் கடந்தான். மகள் மணம் முடித்துச் செல்வதற்கே பாலம் கடந்தாள். பிறர் கல்விக்குப் பெண்கள் பொருள் ஈந்தனர், உழைப்பும் ஈந்தனர். அவர்தம் கல்விக்கு ஈவார் இல்லாது போயினர்.

அந்நூலிலே மற்றொரு செய்தியும் உண்டு. கலாமின் இளமைக் காலத்தில் தீவு முழுவதிலும் ஆங்கிலம் எழுத வல்லவர் சலாலுதீன் என்பவர் ஒருவரே. வேண்டியோர்க்கெல்லாம் அவர் கடிதம் எழுதித் தந்தார். அவர் நல்லவர்; ஆதலின் ஊர் பயன்பெற்றது. ஆனால் எழுத்தறியாதார்க்கு எழுதித் தருவோர் எல்லாரும் அவரைப் போன்றவராக வாய்ப்பரோ? கடன் பத்திரத்தில் எழுதிய தொகை எவ்வளவு என்று அறியாமல் கைந்நாட்டு வைப்பவரின் நிலை என்ன? மீனை ஏலம் விட்ட கணக்கும், முன்பணத்திற் கழித்த கணக்கும் ஒருவர் கையிலேயே இருந்தால், மற்றவர் அவர் கூறியதை நம்புவதன்றி வேறு செய்வது யாது? கல்லாமையால் விளையும் முதற் கேடு, தன் பொருளுக்கும் தன் சொல்லுக்கும் பிறரை நம்பி நிற்கும் நிலையே ஆகும்.

இக்கேடு பெண்ணைச் சாரும்பொழுது இருமடங்காகின்றது. கடலோடியின் வாழ்வு நிலையற்றது. காற்று மாறினாலும், எல்லை கடந்தான் என்று அயல்நாட்டுக் கடற்படை பிடித்தாலும், கரையில் நிற்கும் மனைவியே குடும்பத்தின் சுமையைத் தாங்க வேண்டும். அவளே ஊராட்சி அலுவலகத்திற்கும், மீன்வளத் துறைக்கும், ஆட்சியர் அலுவலகத்திற்கும் மனு எடுத்துச் செல்ல வேண்டும். அம்மனுவில் என்ன எழுதியிருக்கின்றது என்று அவளால் படிக்க இயலாவிடின், அவளது துயரைக்கூட அவள் தன் சொல்லாற் கூற இயலாதவள் ஆகின்றாள்.

கல்லாத பெண்டிர் அறிவற்றவர் என்று இதனாற் கருதிவிடலாகாது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பாசி எடுக்கும் மகளிரைக் கண்டோர் அவ்வாறு கூறத் துணியார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, இடுப்பில் பை கட்டி அவர்கள் கடலுள் மூழ்குவர். நீரோட்டம் எப்பொழுது மாறும், எந்தப் பாறையில் எந்தப் பாசி தழைக்கும், எவ்வாறு பறித்தால் அது மீண்டும் தளிர்க்கும் என்பனவற்றை அவர்கள் நன்கு அறிவர். அவர்கள் எடுக்கும் பாசியிலிருந்து, இனிப்புப் பண்டங்களுக்கும் மருந்துத் தொழிலுக்கும் வேண்டிய அகார் என்னும் கூழ்ப்பொருள் செய்யப்படுகின்றது.

மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல் வளத்தைக் காக்க அது வேண்டியதே. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளை நாடிச் சென்ற மகளிர்க்கு அது பெரும் இடர்ப்பாடாயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. அவர்களுட் பலர் ஏட்டைப் பயிலாதவர். அவர்கள் ஒன்றுகூடி, திங்களில் சில நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர், அதிகாரிகளிடம் முறையிட்டனர். அவர்களுட் சின்னப்பாலத்தைச் சேர்ந்த, சிறு வயதிலேயே இத்தொழிலுக்கு வந்த இலட்சுமி மூர்த்தி என்பவர், 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ‘சீகாலஜி’ என்னும் அமைப்பின் பரிசைப் பெற்றார். கடலைக் கற்ற அம்மகளிர் ஏட்டையும் கற்றிருந்தால், தம் ஊரின் பாசியைப் பற்றித் தாமே நூல் எழுதியிருப்பர். விலையைப் பிறர் கூறக் கேட்டிராமல் தாமே கூறியிருப்பர். அறிவு இருந்தது, எழுத்து மறுக்கப்பட்டது. இஃது அவர்கள் இழப்பு. அறிவுலகின் இழப்பும் ஆகும்.

வீட்டினுள் விளையும் இழப்பும் சிறிதன்று. தாய் கற்றவளாயின் குழந்தைச் சாவு குறைகின்றது, தடுப்பூசி தவறுவதில்லை. பள்ளிக் கல்வியை நிறைவு செய்த பெண்களுக்கு இளமை மணம் நிகழ்வது அரிதாகின்றது. நாட்டில் எடுக்கப்பெறும் குடும்ப நலக் கணக்கெடுப்புகள் மீண்டும் மீண்டும் காட்டும் உண்மை இது. மருந்துப் புட்டியின் மேல் உள்ள எழுத்தைத் தாய் படிக்க இயலுமா என்பதில், சில வேளைகளில் ஓர் உயிரே தங்கியிருக்கின்றது. மேலும், கற்ற தாயின் மகள் பள்ளியினின்று எளிதில் நிறுத்தப்படுவதில்லை. ஆகவே ஒரு பெண்ணுக்குக் கல்வியை மறுப்பது, அவள் வயிற்றிற் பிறக்கும் பெண்ணுக்கும் முன்கூட்டியே மறுப்பதை ஒக்கும்.

இன்று கல்வியை மறுப்பவர் யார் என்று சிலர் வினவலாம். உலகின் சில பகுதிகளில் அரசே மறுக்கின்றது. ஆப்கானித்தான் நாட்டில் 2021-ஆம் ஆண்டு முதல் பெண்கள் ஆறாம் வகுப்புக்கு மேல் பயிலத் தடை விதிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழகக் கதவும் அடைக்கப்பட்டது. பெண்கள் கற்கவேண்டும் என்று பேசிய பாகித்தானியச் சிறுமி மலாலா 2012-ஆம் ஆண்டில் சுடப்பட்டார். உயிர் தப்பி, 2014-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இந்நாட்டில் அத்தகைய தடை இல்லை. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி பெறுதல் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று 2009-ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் “வேண்டா” என்று ஒருவரும் வாய்திறந்து கூறாமலே கல்வி மறுக்கப்படுதல் உண்டு. ஊர்ப்பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகின்றது. அடுத்த பள்ளி தொலைவில் உள்ளது. மகன் மிதிவண்டியிற் செல்கின்றான். மகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கின்றாள். தண்ணீர்க் குடம் அவளுக்காகக் காத்திருக்கின்றது. “அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்கின்றனர் பெற்றோர். அடுத்த ஆண்டு வருகின்றது, பள்ளி வருவதில்லை. கதவை அடைப்பது மட்டும் மறுப்பன்று. பாதியில் நிறுத்துவதும் மறுப்பேயாகும்.

இவ்வாறு நிறுத்துவோர் சில காரணங்களைக் கூறுவர். “பெண் பிறர் வீட்டுக்குச் செல்பவள், அவள் கல்வியால் பிறந்த வீட்டுக்குப் பயன் என்ன?” என்பது ஒன்று. முதுமையில் பெற்றோரைப் பேணும் மகள்களைக் கண்ணாரக் கண்டும் இவ்வாறு கூறுவது பொருந்துமோ? “கூடுதலாகப் படித்தால் மாப்பிள்ளை கிடைப்பது அரிது” என்பது மற்றொன்று. மனைவி தன்னினும் கற்றவளாக இருத்தல் ஆகாது என்று எண்ணுபவன், திருந்த வேண்டியவன்; அவனுக்காகப் பெண் தன் அறிவைக் குறைத்துக்கொள்ள வேண்டுவதில்லை. “வீட்டில் வறுமை, அவளும் உழைத்தால்தான் உலை கொதிக்கும்” என்பது மூன்றாவது. இஃது எள்ளி ஒதுக்கத்தக்கது அன்று. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் கொண்டுவரும் சிறு கூலி, அவ்வறுமையை நீக்குவதில்லை. அடுத்த தலைமுறைக்கும் அதனை நீட்டித்துத் தருகின்றது.

“வழி அச்சமுடையது, வயதுக்கு வந்த பெண்ணை எவ்வாறு தொலைவுக்கு அனுப்புவது?” என்பது இறுதிக் காரணம். பெற்றோரின் இவ்வச்சம் இயல்பானதே. ஆனால் வழி தீயதாயின் வழியைத் திருத்துவதே முறை; பெண்ணை நிறுத்துவது முறையன்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. கடல் கொடியது, இனி இத்தீவுக்கு வண்டி வேண்டா என்று எவரும் கூறவில்லை. ஶ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் அப்பாலம் சீர்செய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டு வரை அது வண்டிகளைத் தாங்கியது. 2025-ஆம் ஆண்டில் அதன் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. வண்டி செல்வதற்கு இத்துணை முயற்சி செய்த மக்கள், ஒரு சிறுமி பள்ளி செல்வதற்குப் பேருந்தும், விடுதியும், விளக்குடைய வீதியும், பள்ளியிலே தூய கழிப்பறையும் அமைத்தல் இயலாதது என்று கூறுதல் தகுமோ?

நற்செயல்கள் நிகழாமல் இல்லை. நெடுங்காலம் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த விருதுநகரிற் பிறந்த காமராசர், வறுமையால் கல்வி தடைப்படலாகாது என்று கருதி, 1956-ஆம் ஆண்டில் பள்ளியில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். உணவை நாடி வந்த பிள்ளைகளுள் பெண்பிள்ளைகளும் இருந்தனர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கீழக்கரையில் 1988-ஆம் ஆண்டில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. இராமேசுவரத்தில் கலாமின் பெயராலேயே அரசு கல்லூரி ஒன்று நடைபெறுகின்றது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி நாடும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முன்னாளில் தமக்கையின் வளையல் செய்த உதவியை இன்று அரசு மாணவிக்கே செய்கின்றது.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை. 2011-ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி, இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்டோருள் எழுத்தறிந்த ஆடவர் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேர். மகளிர் ஏறத்தாழ 74 பேர். இடையே உள்ள பதினான்கு என்னும் எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அவ்வெண்ணின் பின்னே ஆயிரம் ஆயிரம் பெண்கள் உள்ளனர். அவர்களுட் பலர், தம் உடன்பிறந்தான் படிப்பதற்காகத் தாம் படிப்பை விட்டவர். தம் பெயரை எழுதக் கற்காமலே பிறர் பெயர் விளங்க உழைத்தவர்.

இப்பாடத்தைப் பயிலும் மாணவியர், தம் கையிலுள்ள நூல் எளிதில் வந்ததன்று என்பதை உணர்தல் வேண்டும். மாணவர், தம் கல்விக்காகத் தாயும் தமக்கையும் தங்கையும் எதனை இழந்தனர் என்று ஒருமுறையேனும் எண்ணுதல் வேண்டும். உடன் பயின்ற மாணவி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்கு வாராது போயின், ஏன் வரவில்லை என்று கேட்டறிந்து ஆசிரியரிடம் கூறுதல் அவ்விருபாலார்க்கும் கடமையாகும். அக்கேள்வி ஒன்றே சில வேளைகளில் அவளை மீண்டும் வகுப்பறைக்குக் கொணரும். பெண்கள் பிறர் கல்விக்குக் கொடுத்தது போதும். இனி அவர்கள் பெறவேண்டிய காலம். அவர்கள் பெற்றால் வீடு பெறும், வீடு பெற்றால் ஊர் பெறும், சேதுக்கரையும் சிறப்புறும்.